முதல் பலகை

கடையில் நானூற்றுச் சொச்சம் கத்திகள் இருந்தன. கொன்றவன் எடுத்ததோ ஒரு மரப் பலகையை.

"ஒண்ணு, அவன் சைவமா இருக்கணும்," என்றேன் நான். "இல்லைன்னா இங்க ஒட்டியிருக்கிற விலையைப் பார்த்துட்டு மனசு மாறியிருக்கணும்."

அக்கா சிரிக்கவில்லை. கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, வலிக்கிற முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருஷம் போலீஸில் குப்பை கொட்டிவிட்டு, இப்போது ஒரு மாடிப்படிக்குக் கீழே துப்பறியும் நிலையம் நடத்துகிறார். ஊரே அவரை அக்கா என்றுதான் கூப்பிடும். அவரிடம் சல்யூட் அடிக்கக் கற்றுக்கொண்ட இன்ஸ்பெக்டர் உட்பட. நான் அவருடைய ஒரே உதவியாளன். சட்டப் பரீட்சையில் மூன்று தடவை கோட்டை விட்டவன் என்பதால் எனக்கு அவர் சூட்டிய பெயர் வக்கீல்.

"ஜோக்கை விடு வக்கீலு. உள்ள இருக்கிற கேள்வி நல்ல கேள்வி. கையை நீட்டினா கத்தி. அதை விட்டுட்டு எதுக்குப் பலகை?"

எங்கள் காலடியில் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. கத்திக்கடைப் பெரியவர் நேற்று மதியம் ஒன்றே கால் மணி சுமாருக்கு அந்த இடத்தில்தான் விழுந்தார். முதல் அடி காதுக்கு மேலே. அதிலேயே ஆள் சாய்ந்திருப்பார். விழுந்த பிறகும் ஆறு அடி. காலையில் ஆஸ்பத்திரியில் அந்த முகத்தைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தண்ணீர்கூட இறங்கவில்லை. நான் அடிக்கிற ஜோக்கெல்லாம் அதை மறப்பதற்குத்தான்.

போலீஸ் பிடித்து வைத்திருப்பது தச்சரை. கடையின் முகப்பு மரவேலையைப் பழையபடி சீராக்க ஒரு மாதமாக வந்துபோகிறவர். நேற்று பேய்மழை. தெருவில் எல்லாக் கடைக்காரர்களும் சாப்பாட்டு நேரத்துக்கு அடைத்துவிட்டார்கள். ஒரு மணிக்குச் சாப்பிடப் போன தச்சர் இரண்டு மணிக்குத் திரும்பி, சந்துப் பக்கக் கதவு வழியாக உள்ளே வந்து, பெரியவரைப் பார்த்து, அவர் தலையைத் தூக்கி மடியில் வைத்து, பிறகு கத்திக்கொண்டே சந்துக்கு ஓடியிருக்கிறார். கையெல்லாம் ரத்தம். மழை விட்டுக் கடை திறக்க வந்த செருப்புக்கடைக்காரரும் குடைக்காரரும் தையல்காரரும் அதைப் பார்த்தார்கள். விசாரணை அத்தோடு முடிந்தது. தச்சரைக் கீழே தள்ளி, வலது கையைப் படிக்கல்லில் வைத்து, ஷட்டர் இழுக்கிற இரும்புக் கம்பியால் அடித்தார்கள். விரல் மூன்று நொறுங்கியது. கூட்டத்தை நடத்தியவர் செத்தவரின் தம்பி. தெருவில் எல்லோரும் சின்னவர் என்கிறார்கள். போலீஸ் வந்து மீட்டுக்கொண்டு போய், தன் பங்குக்கு வேறு அடித்தது.

காலையில் தச்சரின் மனைவி எங்களிடம் வந்தாள். அழவில்லை. உளிகள் சுற்றிய துணிப்பையை மேசைமேல் வைத்துவிட்டுச் சொன்னாள்: "இதைப் பிடிக்கிற கைதான் போச்சு. ஆளாவது வரட்டும்."

இன்று சாயங்காலம் ஆறு மணிக்கு மாஜிஸ்ட்ரேட் தச்சர் கிடக்கிற ஆஸ்பத்திரிக்கே வந்து காவல் உத்தரவில் கையெழுத்துப் போடுவார். அதன் பிறகு தச்சர் ஜெயில் கைதி. வழக்கு நடக்க வருஷக்கணக்காகலாம். இன்ஸ்பெக்டர் எங்களுக்குக் கொடுத்த அவகாசம் ஐந்தரை வரை. அப்போது மணி மூன்றரை.

"அடிச்ச பலகை எது?" என்று அக்கா கேட்டார்.

வாசலில் நின்ற இன்ஸ்பெக்டர் இடது கோடியைக் காட்டினார். அந்தப் பலகையை எடுத்து ஏற்கெனவே பரிசோதனைக்கு அனுப்பிவிட்டார்கள். ரத்தத்தை யாரோ துணியால் அரைகுறையாகத் துடைத்திருந்தார்களாம். மிச்ச இடமெல்லாம் தச்சரின் கைரேகை. அவர் இழைத்த பலகையில் அவர் ரேகை இல்லாமல் என் ரேகையா இருக்கும் என்று கேட்டேன். இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்த பார்வையில், அடுத்த அடி எனக்குத்தான் என்று புரிந்தது.

கடை இருக்கிற அந்த வீட்டைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. கடைவீதி நடுவில் பதினெட்டே அடி அகலம். உள்ளே போனால் தொண்ணூறு அடிக்குப் போய்க்கொண்டே இருக்கும். கீழே கடை, மேலே இரண்டு மாடி வீடு. முகப்பு உத்தரத்தைத் தாங்க இரண்டு மெல்லிய இரும்புத் தூண்கள், அவற்றின் தலையில் இலை வேலைப்பாடு. அதற்கு மேலே தெருவை எட்டிப் பார்க்கிற மர ஜன்னல் மாடம், சிவப்பும் நீலமுமாகக் கண்ணாடி. உச்சியில் சுண்ணாம்பு மாலைக்குள் கட்டிய வருஷம். இரண்டு பக்கமும் அலுமினியத் தகடு போர்த்திய கட்டடங்கள் நிற்க, குரூப் போட்டோவில் ஒருத்தர் மட்டும் கோட்டுப் போட்டு வந்த மாதிரி நின்றது அது.

இதையெல்லாம் எனக்குச் சொன்னவள் பெரியவரின் ஒரே மகள். அப்பாவோடு கடையில் உட்காருகிறவள். நேற்று மதியம் அவள் பாரம்பரியக் கட்டட அலுவலகத்தில் இருந்தாள். இந்த வீடு பாதுகாக்கப்பட்ட கட்டடம், இனி யாரும் இடிக்க முடியாது என்ற உத்தரவைக் கையில் வாங்கிக்கொண்டு, அப்பாவுக்கு போன் செய்து சொல்லிவிட்டுக் கிளம்பினாள். வீடு வந்தபோது அப்பா இல்லை.

"கார்பெண்டர் செஞ்சாரா இல்லையான்னு எனக்குத் தெரியல," என்றாள் அக்காவிடம். "யாருன்னு மட்டும் சொல்லுங்க. அப்புறம் நான் தூங்குறேன்."

அக்கா அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, கடையை எப்படி மூடுவீர்கள் என்று கேட்டார். சாவு வீட்டில் கேட்கிற கேள்வியா என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அந்தப் பெண்ணுக்குக் கையில் ஒரு வேலை கிடைத்ததும் முகத்தில் கொஞ்சம் உயிர் வந்தது.

கடைக்கு ஷட்டர் கிடையாது. பதினொரு மரப் பலகைகள். ஆள் உயரத்துக்கு மேல், ஒரு முழ அகலத்துக்குக் கொஞ்சம் கூட. எல்லாம் ஒரே அளவு. மேல் உத்தரத்தில் ஒரு காடி, அதாவது நீளப் பள்ளம். கீழே வாசற்படியில் ஆழமில்லாத இன்னொன்று. உள்ளேயிருந்துதான் பலகையைப் போட வேண்டும். மேல் காடிக்கு உள்பக்கம் விளிம்பு உண்டு. ஒரே ஓர் இடத்தில் மட்டும் அந்த விளிம்பைப் பலகை அகலத்துக்கு வெட்டி விட்டிருக்கும். அதற்குப் பெயர் வாய். பலகையின் தலையை வாயில் செருகி, அடியைக் கீழ்க் காடியில் நிறுத்தி, எதிர்க்கோடிக்குத் தள்ளிவிட வேண்டும். அடுத்தது, அதற்கடுத்தது என்று கடைசிப் பலகை வாயிலேயே நிற்கும். முழு நீளத்துக்கும் ஓர் இரும்புத் தண்டை மாட்டினால் கடை மூடியாயிற்று. போகிறவர் சந்துக் கதவு வழியாகப் போகலாம்.

"இப்ப வாய் எந்தப் பக்கம்?" என்று கேட்டார் அக்கா.

வலது பக்கம் என்றாள். ஆனால் அது புதுசு. அவளுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து வாய் இடது பக்கம்தான். தச்சர் உத்தரத்தின் பழைய பெயின்டைச் சுரண்டியபோது வலது கோடியில் ஓர் அடைப்புத் துண்டு தெரிந்தது. வீடு கட்டியவர்கள் வைத்த வாய் அதுதான். சந்துக் கதவுக்குப் பக்கத்தில், மூடினவர் அப்படியே வெளியேற வசதியாக. இடையில் யாரோ கல்லாவை மாற்றிப்போட்டபோது வாயையும் மாற்றிவிட்டார்கள். அலுவலகத்தார் மூலத்தில் இருந்தபடியே இருக்க வேண்டும் என்று சொல்ல, போன திங்கட்கிழமை தச்சர் வலது வாயைத் திறந்து, இடது வாயைப் பழைய மரத்துண்டால் அடைத்தார்.

"முதல் நாள் சாயங்காலம் அப்பா பழக்கதோஷத்துல இடது பக்கமே போய் முட்டிட்டார்," என்றாள். "நாங்க ரெண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரிச்சோம்." அதைச் சொல்லிவிட்டு முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

அக்கா கான்ஸ்டபிளை விட்டு மிச்சமிருந்த பத்துப் பலகைகளையும் எடுத்து நடுவில் அடுக்கச் சொன்னார். பிறகு என்னை ஸ்டூல் மேல் ஏற்றினார். உத்தரத்தின் நீளத்துக்கும் ஒரு பூவேலைச் சட்டம் தொங்கியது. நிழல் வேறு. கண்ணால் பார்த்தால் வாய் எது, அடைப்பு எது என்று கடவுளுக்கே தெரியாது. விரலால் தடவித் தடவி வலது வாயைக் கண்டுபிடிக்க எனக்குப் பத்து நிமிஷம் ஆனது. ஒரு பலகையைச் செருகி விரலால் தள்ளிப் பார்த்தேன். இடது கோடி வரைக்கும் வழுக்கிக்கொண்டு ஓடி, டங்கென்று நின்றது. அதை மறுபடி எடுத்து அடுக்கில் வைத்தேன். காடி முழுக்க மெழுகு தேய்த்திருந்தார் மனிதர்.

"கைன்னா அது கை," என்றேன். உடனே படிக்கல் நினைவுக்கு வந்தது. ஏன் சொன்னோம் என்றாகிவிட்டது.

இடது கோடி அடைப்பைத் தடவியபோது விரலில் பெயின்ட் உதிர்ந்தது. விளக்கைப் பிடித்துப் பார்த்தால், புதுப் பெயின்டில் பலகை விளிம்பு அகலத்துக்கு ஒரு வெட்டு, அதற்கு அடியில் மரத்தில் ஒரு பள்ளம். மகளைக் கேட்டோம். புதன்கிழமை சாயங்காலம் கடை மூடிய பிறகுதான் தச்சர் அந்த இடத்துக்குப் பெயின்ட் அடித்தார். கொலை நடந்தது வியாழன் மதியம். நடுவில் ஒரு தடவைகூடக் கடையை மூடவில்லை.

அக்கா எழுந்து நின்றார்.

"கேளுங்கப்பா. ரத்தம் பட்ட பலகை இடது கோடியில இருந்தது. அப்படின்னா முதல்ல போட்டதே அதுதான். அடிச்ச பிறகுதான் கடையை மூடியிருக்கான், உடம்பு தெருவுக்குத் தெரியக் கூடாதுன்னு. சரி, எதுக்குப் பலகையால அடிச்சான்? அவன் கையில ஏற்கெனவே அது இருந்தது. கடை மூடுற நேரத்துக்கு வந்து, தானா ஒரு பலகையைத் தூக்கியிருக்கான். கஸ்டமர் அப்படிச் செய்ய மாட்டான். அதைக் கொண்டுபோய் இடது பக்கம் முட்டியிருக்கான். அடைச்சவனே போய் முட்டுவானா?"

இன்ஸ்பெக்டர் மசியவில்லை. பெரியவரே மறுபடி பழக்கதோஷத்தில் முட்டியிருக்கலாமே என்றார். பள்ளத்தை வைத்து ஒருத்தனை விடுதலை செய்தால் மாஜிஸ்ட்ரேட் தன் போலீஸ் தொப்பியைக் கழற்றிவிடுவார் என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் எரிச்சல்.

"அப்ப தம்பியைக் கூப்பிடு," என்றார் அக்கா.

சின்னவர் இருபது வருஷம் அண்ணனோடு இதே கடையில் இருந்தவர். அண்ணன் பலகையை எடுத்துக் கொடுப்பார், தம்பி போடுவார். வீட்டில் பாதி அவருக்கு. இடித்துவிட்டு ஆறு மாடி எழுப்ப வேண்டும் என்றார். அண்ணன் முடியாது என்றார். சண்டை முற்றி, ஒருநாள் அண்ணன் மண்டையில் எடைக்கல்லை எறிந்துவிட்டு வெளியேறியவர்தான். பத்து வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. "அக்கா, பலகை போடச் சொல்லுங்க. கை தன்னால இடது பக்கம் போகும். அமுக்கிடலாம்," என்று காதில் சொன்னேன். அக்கா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். மூன்று தடவை ஃபெயிலானது ஏன் என்று இப்போதுதான் புரிந்தது என்கிற மாதிரி.

ஐந்து மணிக்குச் சின்னவர் வந்தார். வாட்டசாட்டமான ஆள், ஐம்பது வயதிருக்கும், அழுது சிவந்த கண். சட்டைக் கையில் தச்சரின் ரத்தம் ஒரு துளி இன்னும் இருந்தது; மாற்றவில்லை. அக்கா துக்கம் விசாரித்தார். நேற்று எங்கே இருந்தீர்கள் என்று கேட்டதற்கு, மழைக்கு முக்குச் சலூனில் ஒதுங்கியிருந்ததாகவும் சத்தம் கேட்டு ஓடிவந்ததாகவும் சொன்னார்.

"உள்ள வந்து பார்த்தீங்களா?"

"இல்லை. இந்தக் கடைக்குள்ள நான் கால் வெச்சுப் பத்து வருஷம் ஆச்சு. அண்ணன் முகத்தைக்கூட ஆஸ்பத்திரியிலதான் பார்த்தேன். இன்னைக்குத்தான் முதல் தடவையா வர்றேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இப்படியா வரணும் நான்?"

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். அக்கா அவளிடம், நேற்றிலிருந்து சித்தப்பாவிடம் என்ன பேசினாய் என்று சாதாரணமாகக் கேட்டார். ஒரு வார்த்தையும் இல்லை, என்ன பேசுவது என்றே தெரியவில்லை என்றாள் அவள்.

"சரி, ஒரு சின்ன உதவி," என்றார் அக்கா. "கடையை மூடி சீல் வைக்கணும். குடும்பத்து ஆள் மூடினாத்தான் முறை. பாப்பாவால தூக்க முடியாது. எங்க வக்கீலுக்கு வாய்லதான் பலம்."

சின்னவர் முதல் பலகையைத் தூக்கினார். அவர் மேலே பார்க்கக்கூட இல்லை. நேரே வலது பக்கம் போய், பூவேலைச் சட்டத்துக்கு அடியில் தலையைச் செருகி, அடியை நிறுத்தி, ஒரு தள்ளு. பலகை ஓடி இடது கோடியில் டங்கென்றது.

தச்சரின் ஆஸ்பத்திரிக் கட்டிலும் அந்த உளிப் பையும் கண்முன் வந்தன. மணி ஐந்தே கால். சின்னவர் இரண்டாவதைப் போட்டார். மூன்றாவது. நான்காவது. அக்கா தாமாகவே ஐந்தாவது பலகையைத் தூக்கி வலது வாயில் செருகிக்கொண்டு, கால் வலிக்கிறவர் மாதிரி அதன்மேல் சாய்ந்து நின்றார்.

"சின்னவரே, நீங்க கடையில இருந்த காலத்துல வாய் எந்தப் பக்கம்?"

மகள்தான் தலை நிமிர்ந்தாள். "இடது பக்கம்," என்றாள் மெதுவாக. "சித்தப்பா இருந்தப்ப இடது பக்கம்தான்."

"அதேதான். பத்து வருஷம் கழிச்சு இன்னைக்குத்தான் வர்றவர், கை இடது பக்கம் போயிருக்கணும். போயிருந்தா உங்க கால்ல விழுந்து மன்னிப்புக் கேட்டிருப்பேன். வாய் மாறினது திங்கட்கிழமை. உங்க கைக்கு யார் சொன்னது?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தப்பான பக்கம் போனால் பிடிக்கலாம் என்று நான் காத்திருந்தேன். அக்கா காத்திருந்தது சரியான பக்கத்துக்கு.

"பார்த்தேன்," என்றார் சின்னவர். "மேல தெரியுது."

"வக்கீல் ஸ்டூல் போட்டு ஏறியும் பத்து நிமிஷம் ஆச்சு."

அதன் பிறகு நடந்ததெல்லாம் அரை நிமிஷம்தான். சின்னவரின் முழங்கை கத்திகள் அடுக்கிய கண்ணாடிப் பெட்டியை உடைத்துக்கொண்டு உள்ளே போனது. வெளியே வந்தபோது கையில் இறைச்சி வெட்டுகிற அகலக் கத்தி. குறுக்கே போன என் முன்கையில் ஒரு கோடு விழுந்தது. வலி தெரியும் முன்பே முழங்கை வரை நனைந்துவிட்டது. கான்ஸ்டபிளை நெஞ்சில் உதைத்தார். அவன் அரிவாள்மனை அடுக்கின்மேல் விழுந்து அலறினான். இன்ஸ்பெக்டரின் காதை ஒட்டிக் கத்தி தூணில் பட்டு, இலை வேலைப்பாட்டில் ஒன்று தெறித்தது. மகள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள். சின்னவர் அக்காவின் முழங்காலில் ஓர் உதை விட்டுவிட்டு, திறந்திருந்த முகப்பு வழியாகத் தெருவில் குதிக்கப் போனார். குதிக்கிற அவசரத்தில் பிடிமானத்துக்கு நான்காவது பலகையின் விளிம்பைப் பிடித்தார்.

அக்கா கீழே விழுந்துகொண்டே ஐந்தாவது பலகையைத் தள்ளினார்.

மெழுகு தேய்த்த காடி. பலகை ஓடிய வேகத்துக்கு அது போதும். இரண்டு பலகைகளுக்கும் நடுவில் அந்தக் கை மாட்டிக்கொண்டபோது கேட்ட சத்தத்தை நான் எழுத விரும்பவில்லை. கத்தி தெருவில் போய் விழுந்தது. சின்னவர் பாதி உள்ளே, பாதி வெளியே, மண்டியிட்டு ஊளையிட்டார். எண்ணிப் பார்த்தேன், எண்ணாமல் இருக்க முடியவில்லை. மூன்று விரல்.

பலகையை விலக்க இன்ஸ்பெக்டர் கொஞ்சம் தாமதித்தார். அந்தத் தாமதத்தில் எல்லாம் வெளியே வந்தது. உத்தரவு வருகிறது என்று கேள்விப்பட்டு, கடைசியாக ஒருமுறை பேசிப் பார்க்கலாம் என்றுதான் மழையில் சந்துக் கதவைத் தட்டியிருக்கிறார். அண்ணன் உள்ளே விட்டார். கடை மூடுகிற நேரம். இருபது வருஷப் பழக்கம். அண்ணன் எடுத்துக் கொடுத்த பலகையை இவர் கை வாங்கிக்கொண்டது. வாங்கி, இடது பக்கம் கொண்டுபோய் முட்டியிருக்கிறார்.

"சிரிச்சான்," என்றார் சின்னவர். வாயில் நுரை. "வாய் அந்தப் பக்கம் மாறிடுச்சுடான்னு சொல்லிட்டுச் சிரிச்சான். வீட்டையும் இடிக்க முடியாம பண்ணிட்டு, பத்து வருஷம் கழிச்சு வந்தவனைப் பார்த்துச் சிரிச்சான். அவன் சிரிப்பை நிறுத்தத்தான் அடிச்சேன்."

பிறகு அந்த ரத்தப் பலகையிலேயே ஆரம்பித்து, அண்ணன் காட்டிக் கொடுத்த வாய் வழியாகவே கடையை மூடிவிட்டு, சலூனில் போய் உட்கார்ந்திருக்கிறார்.

மகள் சுவரை விட்டு நகர்ந்து வந்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கட்டும் என்றும் நினைத்தேன். அவள் சித்தப்பாவுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தாள்.

"சித்தப்பா. அப்பாவும் திங்கட்கிழமை அதே இடத்துலதான் முட்டினார். நாங்க சிரிச்சோம். அன்னைக்கு அப்பா என்ன சொன்னார் தெரியுமா? 'சின்னவன் வந்தாலும் இங்கதான்டி முட்டுவான்'னு சொன்னார். அவர் உங்களைப் பார்த்துச் சிரிக்கல. நீங்க வந்துட்டீங்கன்னு சிரிச்சிருக்கார்."

சின்னவரின் ஊளை நின்றது. விரல் இன்னும் பலகைகளுக்கு நடுவில் இருந்தது. அந்த வலிகூட அவருக்குத் தெரிந்த மாதிரி இல்லை. என் தொழிலில் மனிதர்கள் மாட்டிக்கொள்வதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறேன். அன்று முடியவில்லை.

ஐந்து ஐம்பதுக்கு இன்ஸ்பெக்டர் ஆஸ்பத்திரிக்கு போன் செய்து, தச்சரின் காலில் போட்ட விலங்கைக் கழற்றச் சொன்னார். வந்த மாஜிஸ்ட்ரேட் சின்னவரின் கட்டிலுக்குத் திரும்பினார். என் கையில் பதினொரு தையல். பலகைக்கு ஒன்று என்று அக்காவிடம் சொன்னேன், அப்போதும் சிரிக்கவில்லை. தச்சரின் மனைவியைத் தாழ்வாரத்தில் பார்த்தோம். ஆள் வந்துவிட்டார் என்று அக்கா சொன்னார். அவள் தலையாட்டிவிட்டு, கை வருமா என்று கேட்டாள். டாக்டர் இரண்டு விரல் மடங்காது என்று சொல்லியிருந்தார். அக்கா பொய் சொல்லத் தெரியாதவர். குனிந்து முழங்காலைத் தேய்த்தார்.

நாங்கள் கடைக்குத் திரும்பியபோது மகள் தனியாகவே பலகை போட்டுக்கொண்டிருந்தாள். பத்தையும் போட்டுவிட்டாள். பதினொன்றாவது நீதிமன்றத்துக்குப் போகிற சாட்சி. அந்த இடத்தில் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு இடைவெளி. வேறு தச்சரைக் கூப்பிடலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். அவர் வந்து பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுக்கட்டும், புதுப் பலகையை யார் கையாலோ அறுத்துக்கொள்ளலாம், மூன்று மாதமானாலும் பரவாயில்லை என்றாள்.

தெருவில் செருப்புக்கடைக்காரரும் குடைக்காரரும் தையல்காரரும் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். நேற்று தச்சரை அடித்த அதே மூன்று பேர். அக்கா நொண்டிக்கொண்டே அவர்களிடம் போனார்.

"உங்க மேல கேஸ் நாளைக்கு எழுதுவாங்க. அது தனி. இந்த இடுக்கு அடைபடற வரைக்கும் தினம் ஒருத்தர் இங்க உட்கார்ந்து கடையைக் காவல் காக்கணும். இன்னைக்கு யாரு?"

தையல்காரர் தன் கடையிலிருந்து ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். இடைவெளியில் போட்டார். உட்காருவதற்கு முன், நேற்று தச்சரின் மணிக்கட்டைப் பிடித்து அழுத்திய தன் வலது கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். மறுபடி துடைத்தார். நாங்கள் தெரு முக்கு திரும்பும் வரை துடைத்துக்கொண்டேதான் இருந்தார்.